பென்டிரைவில் வந்த பேஷ்ஆர்சி

வாசகர் கடிதம்:

வணக்கம் சார். கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். அலுவலகத்தில் உபுண்டு லேப்டாப், வீட்டில் டெபியன் போட்ட பழைய டெஸ்க்டாப், போன தீபாவளிக்கு வாங்கிய மேக்புக், போதாக்குறைக்கு மாத வாடகைக்கு எடுத்த சின்ன சர்வர் ஒன்று. டெர்மினலுக்கான பேஷ்ஆர்சி, விம் எடிட்டருக்கான விம்ஆர்சி, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டுக்கான கிட்கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்புகள் எல்லாம் நான்கிலும் நான்கு மாதிரி கிடக்கின்றன. பென்டிரைவில் எடுத்துப்போய் ஒட்டுவேன். போன வாரம் வீட்டு பேஷ்ஆர்சியை அலுவலக லேப்டாப்பில் அப்படியே போட்டுவிட்டேன். அலுவலக இணைய இணைப்புக்கான ப்ராக்ஸி வரிகள் அழிந்து, டெர்மினலில் எதுவும் டவுன்லோட் ஆகாமல் அரை நாள் போனது. கிட்கான்ஃபிக்கும் கூடவே மாறியதில், அலுவலக ரெப்போவில் (கிட் வைத்திருக்கும் நிரல் களஞ்சியம்) என் சொந்த மெயில் ஐடியோடு கமிட்கள் (பதிந்த மாற்றங்கள்) போய், டீம் லீடிடம் பேச்சும் வாங்கினேன். இந்தக் கோப்புகளை எல்லாக் கணினியிலும் ஒழுங்காக வைக்க என்ன கருவி என்று கேட்டால், நண்பன் ஸ்டோ என்கிறான், டீம் லீட் ஷேமுவா என்கிறார், யூடியூபில் நிக்ஸ் என்கிறார்கள். எதைக் கற்றுக்கொள்வது? சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவியையும் சேர்த்து கிட்ஹப் தளத்தில் பிரைவேட்டாக வைக்கலாமா? தமிழ்99 விசைப்பலகையையும் ஒவ்வொரு கணினியிலும் புதிதாக அமைக்க வேண்டியிருக்கிறது. அதற்கும் வழி உண்டா? என் பேஷ்ஆர்சியை இணைத்திருக்கிறேன்.

பதில்:

வணக்கம். மற்றதெல்லாம் அப்புறம். நீங்கள் இணைத்திருக்கும் கோப்பின் 187ஆவது வரியில் கடவுச்சொல் மாதிரியான ஓர் ஏபிஐ டோக்கன் முழுசாக இருக்கிறது. எனக்கு அனுப்பிய மெயிலிலும் அது வந்துவிட்டது, உங்கள் பென்டிரைவிலும் இருக்கும். முதலில் போய் அதை ரத்து செய்து புதியது ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள், அவசரமில்லை.

சரி. ஸ்டோவா, ஷேமுவாவா, நிக்ஸா என்று கேட்கிறீர்கள். உங்கள் அரை நாளைத் தின்றது கருவி இல்லாத குறை அல்ல. ஸ்டோ வைத்திருந்தாலும் அந்த ப்ராக்ஸி போயிருக்கும், இன்னும் வேகமாகப் போயிருக்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவானது, இந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது, யார் கண்ணிலும் படக்கூடாதது என்று மூன்று ஜாதிச் சரக்கு உங்களிடம் ஒரே கோப்பில் கலந்து கிடக்கிறது. அதைப் பிரிக்காமல் எந்தக் கருவியைக் கொண்டுவந்தாலும் அது கலவையைத்தான் நான்கு இடத்துக்கும் சுமந்து போகும்.

உங்கள் கோப்பையே எடுத்துக்கொள்வோம். 240 வரி. கிட்டத்தட்டப் பாதி உபுண்டு தானாகவே கொடுத்தது, நீங்கள் தொட்டதே இல்லை. நீங்கள் எழுதியதில் அலியாஸ்கள் (நீளக் கட்டளைகளுக்கான சுருக்கப் பெயர்கள்) ஒரு முப்பது, ஹிஸ்டரி அளவு, ப்ராம்ப்டின் நிறம், துணை ஃபோல்டர்களிலும் தேட குளோப்ஸ்டார். இவை பொதுச் சரக்கு. ப்ராக்ஸி நான்கு வரி, ஜாவா இருக்கும் இடம், அலுவலக வேலைக்கான ஒரு ஃபோல்டருக்குத் தாவும் அலியாஸ் ஆகியவை அலுவலகத்துக்கு மட்டும். டோக்கன் ரகசியம். கடைசியில் கோண்டா என்று தலைப்புப் போட்டு ஒரு பத்தி இருக்கிறதே, அதை எழுதியது நீங்கள் இல்லை. பைத்தான் பொதிகளை நிறுவ உதவும் கோண்டாவை நிறுவியபோது அதுவே வந்து எழுதிவிட்டுப் போனது. அதில் உங்கள் ஹோம் ஃபோல்டரின் முழுப் பாதையும் எழுதப்பட்டிருக்கும். லினக்ஸில் ஹோம் என்று தொடங்கும் அந்தப் பாதை மேக்கில் யூசர்ஸ் என்று தொடங்கும். அங்கே அந்தப் பத்தி செல்லாக்காசு. இப்படி இன்ஸ்டாலர்கள் வந்து எழுதிவிட்டுப் போவதெல்லாம் இரண்டாவது ஜாதியில்தான் சேரும்.

பிரிப்பதற்குப் பெரிய வித்தை வேண்டாம். பொதுவானதை மட்டும் பேஷ்ஆர்சியில் வையுங்கள். அதன் கடைசியில், பேஷ்ஆர்சி லோக்கல் என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தால் அதையும் சோர்ஸ் செய், அதாவது படித்து இயக்கு, என்று ஒரு இஃப் போடுங்கள். லோக்கல் கோப்பு அந்தந்தக் கணினியிலேயே இருக்கும், ரெப்போவுக்குள் வரவே வராது. அலுவலக லேப்டாப்பில் ப்ராக்ஸி அதில் இருக்கும். வீட்டில் அந்தக் கோப்பே இல்லாவிட்டாலும் எதுவும் முறியாது. இந்த ஒரு இஃப் போன வாரம் இருந்திருந்தால் நீங்கள் எனக்குக் கடிதம் எழுதியிருக்கவே மாட்டீர்கள்.

கிட்டுக்கும் இதே வசதி உண்டு. 2017இல் வந்த 2.13 பதிப்பிலிருந்து இன்க்ளூட்இஃப் என்று ஒன்று இருக்கிறது: இந்த ஃபோல்டருக்குள் இருக்கும் ரெப்போக்களுக்கு மட்டும் இன்னொரு கான்ஃபிக்கையும் சேர்த்துப் படி என்று சொல்லலாம். அலுவலக ரெப்போக்களை எல்லாம் ஒரே ஃபோல்டரின் கீழ் கொண்டுவந்து, அந்த இன்னொரு கான்ஃபிக்கில் அலுவலக மெயில் ஐடியை வையுங்கள். ஃபோல்டர் பெயரின் முடிவில் சாய்கோடு கட்டாயம். அது இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரெப்போ எதுவும் பொருந்தாது, பிழைச் செய்தியும் வராது, நீங்கள் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். இன்னொன்றும் செய்யுங்கள். பொது கிட்கான்ஃபிக்கிலிருந்து மெயில் ஐடியை முற்றிலும் எடுத்துவிட்டு, யூசர் பகுதியில் யூஸ்கான்ஃபிக்ஒன்லி என்பதை ட்ரூ ஆக்குங்கள். அதன்பின் மெயில் ஐடி சொல்லப்படாத இடத்தில் கிட் தானாக ஊகிக்காது, கமிட் செய்யவே மறுத்துவிடும். டீம் லீடிடம் பேச்சு வாங்குவதைவிட கிட்டிடம் வாங்குவது மேல்.

எஸ்எஸ்எச் கான்ஃபிக்கில் 2016இல் வந்த 7.3 பதிப்பிலிருந்து இன்க்ளூட் வேலை செய்கிறது. ஆனால் இங்கே வரிசை தலைகீழ். பேஷிலும் கிட்டிலும் கடைசியில் சொன்னதுதான் நிற்கும், அதனால் லோக்கல் கோப்பைக் கடைசியில் சேர்க்கிறோம். எஸ்எஸ்எச் எந்த அமைப்பானாலும் முதலில் கண்ட மதிப்பையே பிடித்துக்கொள்ளும். அதனால் லோக்கல் இன்க்ளூட் முதல் வரியிலேயே, எந்த ஹோஸ்ட் என்ற சொல்லுக்கும் முன்னால் வரவேண்டும். ஒரு ஹோஸ்ட் பத்திக்குக் கீழே வைத்துவிட்டால் அந்த ஹோஸ்டுக்குப் போகும்போது மட்டும்தான் அது படிக்கப்படும். இதில் நான் ஒரு மாலை முழுவதையும் இழந்திருக்கிறேன்.

மேக்புக் தனிக் கதை. 2019இல் வந்த கேட்டலீனாவிலிருந்து மேக்கின் இயல்பான ஷெல் (டெர்மினலில் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) பேஷ் அல்ல, இசட்ஷெல். அது உங்கள் பேஷ்ஆர்சியை எட்டிக்கூடப் பார்க்காது. பேஷ்தான் வேண்டும் என்று மாற்றினாலும், ஆப்பிள் கூடவே கொடுப்பது 2006இல் வெளியான 3.2 வரிசை. அடுத்த பதிப்புகளின் உரிமம் அவர்களுக்கு ஒத்துவரவில்லை, அங்கேயே நின்றுவிட்டார்கள். உங்கள் குளோப்ஸ்டார் வரி அதில் பிழை என்று திட்டும், ஏனென்றால் அது நான்காம் பதிப்பில் வந்த சங்கதி. இன்னொரு குழப்பம்: மேக்கின் டெர்மினல் ஒவ்வொரு ஜன்னலையும் லாகின் ஷெல்லாகத் திறக்கும். பேஷ் லாகின் ஷெல்லாக எழுந்தால் பேஷ்ப்ரொஃபைலைப் படிக்கும், பேஷ்ஆர்சியைப் படிக்காது. என் யோசனை, மேக்கில் இசட்ஷெல்லையே வைத்துக்கொள்ளுங்கள். அலியாஸ்களையும் எளிய ஃபங்ஷன்களையும் தனிக் கோப்பாக்கி, பேஷ்ஆர்சியும் இசட்ஷெல்ஆர்சியும் அதை சோர்ஸ் செய்யட்டும். ப்ராம்ப்ட், ஹிஸ்டரி போன்றவை இரண்டு ஷெல்லிலும் வேறு வேறு, அவற்றைத் தனித்தனியே எழுதிவிடுங்கள். ஒரே கோப்பில் இரண்டு ஷெல்லையும் சமாளிக்கிறேன் என்று இஃப் மேல் இஃப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்து அவர்களுக்கே அது புரியாது.

கோப்பில் சொற்களைத் தேடி மாற்றும் செட் (எஸ்இடி) கட்டளை வைத்த உங்கள் ஃபங்ஷன் ஒன்று இருக்கிறது, அதுவும் மேக்கில் வேலை செய்யாது. கோப்பையே நேரடியாகத் திருத்தும் ஹைஃபன் ஐ என்ற தெரிவுக்கு லினக்ஸில் பழைய நகலின் பெயருக்கான பின்னொட்டு கொடுக்காமல் விடலாம். மேக்கில் இருக்கும் பிஎஸ்டி வகைக்குக் கொடுத்தே ஆகவேண்டும். வெற்றாகவாவது ஒரு மேற்கோள் ஜோடி வேண்டும்.

இப்போது கருவி. உங்களுக்கு நான் சொல்வது கிட்டும் ஸ்டோவும். ஸ்டோ முப்பது வருடத்துக்கு முன்பே வந்தது, பெர்லில் எழுதியது. யூசர் லோக்கலில் கையால் நிறுவும் மென்பொருள்களை ஒழுங்காக வைப்பதற்காகப் பிறந்தது, நம் ஆட்கள் அதை இந்த வேலைக்குப் பிடித்துக்கொண்டார்கள். ஹோம் ஃபோல்டரில் டாட்ஃபைல்ஸ் (புள்ளியில் தொடங்கும் இந்த அமைப்புக் கோப்புகளுக்கு அதுதான் பெயர்) என்று ஒரு ரெப்போ, அதற்குள் பேஷ், கிட், விம் என்று ஃபோல்டர்கள், ஒவ்வொன்றின் உள்ளேயும் அந்தந்தக் கோப்புகள் ஹோமில் எப்படி இருக்குமோ அப்படியே. ரெப்போவுக்குள் போய் ஸ்டோ பேஷ் என்று அடித்தால், ஒரு படி மேலே, அதாவது ஹோமில், ரெப்போவில் இருக்கும் கோப்புகளைச் சுட்டும் சிம்லிங்க்குகள் வந்து உட்காரும். அதன்பின் ஹோமில் பேஷ்ஆர்சியைத் திறந்து திருத்தினாலும் ரெப்போவில் இருப்பதுதான் மாறும். மாறிய வரிகளைக் காட்டும் கிட் டிஃப் போட்டால் தெரியும். இவ்வளவுதான் கருவி.

இதில் நீங்கள் காலை வைக்கக்கூடிய குழி மூன்று இருக்கிறது, மூன்றையும் சொல்லிவிடுகிறேன்.

புதிதாக நிறுவிய கணினியில் மென்பொருள்கள் தம் அமைப்புகளை வைக்கும், புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக் ஃபோல்டர் இன்னும் உருவாகியிருக்காது. அப்போது ஸ்டோ சோம்பேறித்தனமாக, உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் லிங்க் போடாமல் அந்த ஃபோல்டருக்கே ஒரு லிங்க் போட்டுவிடும். அதன்பின் உலாவி முதல் ஆடியோ மிக்ஸர் வரை எந்த மென்பொருள் கான்ஃபிக்கில் எதை எழுதினாலும் நேராக உங்கள் ரெப்போவுக்குள் போய் விழும். கிட் ஸ்டேட்டஸ் அடித்தால் முந்நூறு புதுக் கோப்பு என்று காட்டும்போதுதான் தெரியவரும். நோ ஃபோல்டிங் என்ற தெரிவோடு ஓட்டுங்கள், இது நடக்காது.

ஏற்கெனவே அங்கே ஓர் உண்மையான கோப்பு இருந்தால் ஸ்டோ மறுத்துவிடும். இணையத்தில் தேடினால் அடாப்ட் போடு என்பார்கள். அடாப்ட் என்ன செய்யும் தெரியுமா? அங்கே இருக்கும் கோப்பைத் தூக்கி ரெப்போவுக்குள் போட்டுவிட்டு லிங்க் போடும். ரெப்போவில் இருந்த உங்கள் நல்ல கோப்பின் மேல் அந்தக் கணினியின் பழைய கோப்பு உட்கார்ந்துவிடும். கமிட் செய்யாத மாற்றம் ரெப்போவில் இருந்தால் அது போயே போச்சு. எல்லாவற்றையும் கமிட் செய்துவிட்டு அடாப்ட் போட்டால் பயமில்லை, டிஃப் பார்த்து வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைப் பழையபடி ஆக்கலாம். உண்மையில் பழைய கணினிகளை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவர இதுதான் சுகமான வழி, முன்னால் கமிட் செய்யும் ஒழுக்கம் இருந்தால்.

மூன்றாவது, லிங்க் அறுந்துபோவது. சில மென்பொருள்கள் சேமிக்கும்போது பழைய கோப்பில் எழுதாமல், புதிதாக ஒன்று எழுதி அதைப் பழைய பெயருக்கு மாற்றும். லினக்ஸின் செட் ஹைஃபன் ஐயும் அந்த ரகம்தான். சிம்லிங்க் போய் அங்கே சாதாரணக் கோப்பு ஒன்று நிற்கும். நீங்கள் ஹோமில் திருத்திக்கொண்டே இருப்பீர்கள், ரெப்போவில் ஒன்றும் மாறாது. திருத்தியும் டிஃப் வெறுமையாக வந்தால் முதலில் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் ஹைஃபன் எல் போட்டு அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள்.

எல்எஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. புள்ளியில் தொடங்கும் கோப்புகள் மறைவதே ஒரு விபத்துதான் என்று யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் எழுதியிருக்கிறார். தற்போதைய ஃபோல்டரைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியையும் மேல் ஃபோல்டரைக் குறிக்கும் இரட்டைப் புள்ளியையும் எல்எஸ் பட்டியலில் காட்ட வேண்டாம் என்று யாரோ குறுக்கு வழியில், முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்தார்கள். புள்ளியில் தொடங்கும் எல்லாமே மறைந்துபோயின. கண்ணுக்குத் தெரியாத இடம் கிடைத்ததும் எல்லா மென்பொருளும் தன் மூட்டையை அங்கே இறக்கிவைத்துவிட்டது. அந்த மூட்டைகளைத்தான் நாம் இன்று பென்டிரைவில் சுமக்கிறோம்.

ஷேமுவாவைப் பற்றி உங்கள் டீம் லீட் சொன்னதில் தப்பில்லை. என் வீட்டில் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. கோ மொழியில் எழுதிய ஒற்றை பைனரி, எங்கேயும் இறக்கிக்கொள்ளலாம். அது லிங்க் போடாது. தன் ஃபோல்டரில் இருக்கும் மூலத்திலிருந்து கோப்பைத் தயார் செய்து ஹோமில் வைக்கும். தயார் செய்யும்போது டெம்ப்ளேட் வேலையும் செய்யும்: மேக் என்றால் எழுத்து அளவு 14, லினக்ஸ் என்றால் 11 என்று ஒரே கோப்பில் எழுதலாம். இன்க்ளூட் வசதியே இல்லாத கோப்புகளுக்கு, ஜேசன் அமைப்புக் கோப்புகள் மாதிரி, இது அருமை. விலை என்னவென்றால், ஹோமில் நேரடியாகத் திருத்தியது மூலத்துக்குப் போகாது. அந்த மாற்றத்தை மூலத்தில் சேர்க்கும் ரீஆட் செய்ய மறந்துவிட்டு, மூலத்தை ஹோமில் வைக்கும் அப்ளை போட்டால், கோப்பு மாறியிருக்கிறதே என்று கேட்கும். அவசரத்தில் மேலெழுது என்று சொல்லிவிட்டால் போச்சு. டிஃப் பார்க்காமல் அப்ளை போடும் கை உங்களுக்கு இருக்கிறது என்பது போன வாரக் கதையிலேயே தெரிகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு வருடம் ஸ்டோவோடு ஓட்டுங்கள். லோக்கல் கோப்புகள் போதவில்லை என்று தோன்றினால் அப்போது மாறுங்கள்.

நிக்ஸ் வேண்டாம். நல்ல கருவிதான், ஆனால் பல்லாண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் காணிக்கையாகக் கேட்கும். மேகக் கோப்பு ஒத்திசைவும் வேண்டாம்: இரண்டு பக்கமும் மாறினால் முரண்பாட்டு நகல் என்று இன்னொரு கோப்பைப் போட்டுவிட்டுப் போய்விடும், அதைப் பேஷ் படிக்காது, நீங்களும் பார்க்க மாட்டீர்கள். கிட் ரெப்போவையே அப்படிப்பட்ட ஃபோல்டருக்குள் வைப்பது இன்னும் மோசம், அதன் உள் கோப்புகள் பாதி பாதியாக வந்துசேர்ந்து ரெப்போ கெட்டுப்போகும்.

சாவிக்கு வருகிறேன். பிரைவேட் ரெப்போவாக இருந்தாலும் எஸ்எஸ்எச் சாவியை வைக்காதீர்கள். அதற்குத் தேவையும் இல்லை. ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே எட்25519 வகைச் சாவி ஒன்று உருவாக்கி, அதன் வெளியே கொடுக்கக்கூடிய பாதியான பொதுச் சாவிகளை மட்டும் சர்வரிலும் கிட்ஹப்பிலும் சேர்த்துவிடுங்கள். மேக்புக் தொலைந்தால் அந்த ஒரு வரியை நீக்கினால் போதும், மற்றவை தம் பாட்டுக்கு வேலை செய்யும். நான்கு இடத்திலும் ஒரே சாவி என்றால் நான்கு இடத்திலும் மாற்ற வேண்டும். இன்னொன்று, கோப்பின் அனுமதிகளில் இயக்கலாமா கூடாதா என்பதை மட்டும்தான் கிட் நினைவில் வைக்கும். 600 என்று, நீங்கள் மட்டும் படிக்கும்படி, பூட்டிவைத்தது கிளோன் செய்யும் (ரெப்போவை நகலெடுக்கும்) இடத்தில் 644 என்று எல்லோரும் படிக்கும்படி திறந்து நிற்கும், எஸ்எஸ்எச் அந்தச் சாவியைத் தொட மறுக்கும்.

டோக்கன், கடவுச்சொல் எல்லாம் லோக்கல் கோப்பில்கூட வேண்டாம், கடவுச்சொல் மேலாளரில் வைத்து வேண்டும்போது எடுங்கள். பல வருடத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், மெயில் அனுப்பும் நிரலின் அமைப்புக் கோப்பைக் கடவுச்சொல்லோடு ரெப்போவில் சேர்த்துவிட்டேன். மூன்று நாள் கழித்துக் கண்ணில் பட்டது. அழித்து இன்னொரு கமிட் போட்டு நிம்மதியாக இருந்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, வேறு எதற்கோ கிட் லாக் பார்த்துக்கொண்டிருந்தவள், சார் இது உங்க பாஸ்வேர்டா என்று கேட்டாள். அழித்த கமிட் அழித்ததைத்தான் காட்டும், அதுவும் சிவப்பில். இப்படி ஆனால் வரலாற்றைத் திருத்துவது இரண்டாவது வேலை, கடவுச்சொல்லை மாற்றுவது முதல் வேலை.

அலுவலகத்தின் உள் சர்வர் பெயர்களும் எஸ்எஸ்எச் லோக்கல் கோப்பிலேயே இருக்கட்டும். சொந்த ரெப்போவை அலுவலக லேப்டாப்பில் இறக்கலாமா என்று ஐடி பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சில நிறுவனங்களில் அதற்கும் விதி உண்டு.

வாடகை சர்வருக்கு இந்த மூட்டை எதுவும் வேண்டாம். பத்து வரி விம்ஆர்சி ஒன்றும் ஐந்து அலியாஸும் போதும். அங்கே நீங்கள் குடியிருக்கப் போவதில்லை.

அன்றாடப் பழக்கம் ஒன்றுதான்: எழுந்துபோகும் முன் கமிட் செய்து புஷ் (கிட்ஹப்புக்கு ஏற்றுவது), வந்து உட்கார்ந்ததும் புல் (அங்கிருந்து இறக்குவது). மறக்கும் என்றுதான் சிலர் கிட் புல்லை பேஷ்ஆர்சியிலேயே போட்டுவைக்கிறார்கள். செய்யாதீர்கள், நெட் இல்லாத ரயிலில் டெர்மினல் திறக்கவே காத்துக்கிடக்க வேண்டிவரும். டாட்ஃபைல்ஸில் கமிட் ஆகாத மாற்றம் இருந்தால் டெர்மினல் திறக்கும்போது ஒரு வரி காட்டும்படி வைத்திருக்கிறேன் நான். அதற்கு நெட் வேண்டாம். கோண்டா மாதிரி எவராவது வந்து எழுதிவிட்டுப் போனாலும் அந்த வரி காட்டிக்கொடுத்துவிடும்.

விசைப்பலகை. உபுண்டுவின் குனோம் டெஸ்க்டாப்பில் இந்த அமைப்பு சாதாரண எழுத்துக் கோப்பில் இல்லை, டிகான்ஃப் என்ற பைனரி தரவுத்தளத்தில் இருக்கிறது. அதை அப்படியே கிட்டில் போட்டால் டிஃபில் ஒன்றும் படிக்க முடியாது. டிகான்ஃப் டம்ப் கட்டளைக்கு குனோம் டெஸ்க்டாப்பின் கீழ் வரும் இன்புட் சோர்சஸ் பாதையை மட்டும் கொடுத்து, வருவதை ஓர் எழுத்துக் கோப்பில் சேமியுங்கள். சில வரிகள்தான் வரும், தமிழ்99 அதில் கண்ணால் பார்க்கும்படி இருக்கும். புதிய இடத்தில் தமிழ் விசைப்பலகைப் பொதியை நிறுவிவிட்டு டிகான்ஃப் லோட் போட்டால் வேலை முடிந்தது. எல்லாவற்றையும் டம்ப் செய்யாதீர்கள், ஜன்னல் அளவு முதல் கடைசியாகத் திறந்த ஃபோல்டர் வரை எல்லாம் வந்துவிடும். வீட்டு டெபியனில் எஃப்சிஐடிஎக்ஸ்5 என்ற தட்டச்சு மென்பொருள் வைத்திருந்தால் இன்னும் எளிது, அது எழுத்துக் கோப்புகளில்தான் வைக்கிறது. ஆனால் ப்ரொஃபைல் கோப்பை மாற்றும் முன் அதை நிறுத்திவிடுங்கள். மூடும்போது தன் நினைவில் இருப்பதை எழுதிவிட்டுத்தான் போகும், நீங்கள் கொண்டுவந்து வைத்த கோப்பு அதன் கீழே நசுங்கிவிடும்.